ஒரே சீட்டுகள், மூன்று வெற்றியாளர்கள்: மிகச் சிறந்த நாவலை எந்த முறையில் தேர்ந்தெடுப்பது?

21 பேர் கொண்ட ஒரு வாசகர் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். இறுதிச் சுற்றில் மூன்று நாவல்கள்: தல்ஸ்தோயின் 'போரும் வாழ்வும்', தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாஸவ் சகோதரர்கள்', மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்'. சுருக்கமாகப் போர், கரமாஸவ், தனிமை. எல்லோரும் மூன்றையும் படித்தவர்கள். ஒவ்வொருவரும் தம் வரிசையை எழுதித் தருகிறார்கள்.

9 பேர்: தனிமை, போர், கரமாஸவ்.
7 பேர்: கரமாஸவ், போர், தனிமை.
5 பேர்: போர், கரமாஸவ், தனிமை.

முதலிடத்தை மட்டும் எண்ணினால் தனிமை 9, கரமாஸவ் 7, போர் 5. தனிமை வென்றுவிடும். கடைசியாக வந்த நாவலை நீக்கி, அதன் வாக்குகளை அந்தந்தச் சீட்டின் அடுத்த விருப்பத்துக்கு மாற்றினால், போர் வெளியேறும். அதன் 5 வாக்கும் கரமாஸவுக்குப் போய் 12க்கு 9 என்று கரமாஸவ் வெல்லும். முதலிடத்துக்கு 2, இரண்டாமிடத்துக்கு 1, கடைசிக்கு 0 என்று புள்ளி போட்டால் போர் 26, கரமாஸவ் 19, தனிமை 18. இரண்டிரண்டாக மோதவிட்டாலும் போர்தான்: தனிமையை 12க்கு 9, கரமாஸவை 14க்கு 7.

ஒரு சீட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எண்ணும் விதி மாறியது, முடிவு மாறிவிட்டது. அதனால் எந்த நாவல் பெரியது என்று விவாதத்தில் இறங்குமுன் எப்படி எண்ணுவது என்பதை முடிவுசெய்து எழுதி வைத்துவிட வேண்டும். வாக்கு விழுந்தபின் விதியைத் தேடினால், எந்த விதியைச் சொன்னாலும் அது யாரோ ஒருவரின் நாவலுக்காகச் சொன்னதாகத்தான் தெரியும்.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீண்ட பட்டியலைச் சுருக்க 'பிடித்ததற்கெல்லாம் டிக்'. இறுதிச் சுற்றுக்கு, இரண்டு நாவலையும் படித்தவர்களின் வாக்கை மட்டும் வைத்து நேருக்கு நேர் எண்ணிக்கை. மற்ற முறைகள் எங்கே சறுக்குகின்றன என்று பார்த்தால் காரணம் புரியும்.

ஆளுக்கு ஒரு வாக்கு

இருப்பதில் எளியது, அதனால்தான் எல்லோரும் இதற்குப் போகிறார்கள். இரண்டே நாவல்கள் என்றால் இதில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வந்ததும் வாக்கு சிதறத் தொடங்கும். ஒரே எழுத்தாளரின் இரண்டு நாவல்கள் பட்டியலில் இருந்தால் அவை ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். 'அன்னா கரீனினா'வும் 'போரும் வாழ்வும்' நாவலும் சேர்ந்து நின்றால் தல்ஸ்தோய் வாசகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். மார்க்வெஸ் வாசகர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பிபிசி 2003இல் நடத்திய 'பிக் ரீட்' வாக்கெடுப்பில் இதை முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். இறுதிச் சுற்றுக்குப் போன 21 நூல்களில் ஓர் எழுத்தாளருக்கு ஒன்றுதான். ஹாரி பாட்டர் வரிசையின் ஒரு புத்தகம் 5ஆம் இடம் பிடித்தது, இன்னும் மூன்று 22, 23, 24ஆம் இடங்களில் நின்றன. சுமார் ஏழரை லட்சம் வாக்குகளில் முதலிடம் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலுக்கு. ஆனால் அதற்குக் கிடைத்தது 1,74,000 வாக்குகள், மொத்தத்தில் கால்வாசிக்கும் கீழே. மீதி முக்கால்வாசிப் பேர் அதை இரண்டாமிடத்தில் வைத்திருந்தார்களா, கடைசியிலா என்பதைச் சொல்ல அந்தச் சீட்டில் இடமே இல்லை.

திறந்த வாக்கெடுப்புக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 1998இல் அமெரிக்கப் பதிப்பகமான மாடர்ன் லைப்ரரி, இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவல்களுக்கு இரண்டு பட்டியல் வெளியிட்டது. ஆலோசனைக் குழுவின் பட்டியலில் முதலிடம் ஜாய்ஸின் 'யுலிசிஸ்'. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் உருவான வாசகர் பட்டியலில் முதலிடம் அய்ன் ராண்டின் 'அட்லஸ் ஷ்ரக்டு'. முதல் பத்தில் ராண்டுக்கு நான்கு, எல். ரான் ஹப்பார்டுக்கு மூன்று. 'யுலிசிஸ்' 11ஆம் இடத்துக்குப் போய்விட்டது. கதவு திறந்திருந்தால் பரந்த வாசிப்பு உள்ளவர்களைவிட ஒரே எழுத்தாளர்மீது தீவிரப் பற்றுள்ளவர்கள்தான் முதலில் வந்து சேர்வார்கள். வாக்காளர் யார் என்பதை முதலில் வரையறுங்கள். வட்டத்தின் உறுப்பினர், ஆளுக்கு ஒரு சீட்டு, பெயர்ப் பட்டியலில் டிக்.

புள்ளி முறை

எழுத்தாளர்களிடமும் விமர்சகர்களிடமும் கேட்டுத் தயாரிக்கும் பட்டியல்களில் இது அதிகம் புழங்குகிறது. ஆளுக்குப் பத்து நூல், முதலிடத்துக்கு 10 புள்ளி, பத்தாமிடத்துக்கு 1. ஜே. பீடர் ஜேன் 2007இல் 125 எழுத்தாளர்களிடம் இப்படிக் கேட்டுத் தொகுத்தபோது மொத்தம் 544 நூல்கள் பெயர் பெற்றன. முதலிடம் 'அன்னா கரீனினா', இரண்டாவது ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி', மூன்றாவது 'போரும் வாழ்வும்'. 2015இல் பிபிசி கல்ச்சர், பிரிட்டனுக்கு வெளியே உள்ள 82 விமர்சகர்களிடம் பிரிட்டிஷ் நாவல்களைக் கேட்டது. வென்றது ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்'. 42 சதவீதத்தினர் அதைத் தங்கள் பத்தில் வைத்திருந்தார்கள்.

இந்த முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் முன்வைத்தவர் கணிதவியலாளர் போர்தா. பலருக்கும் இரண்டாமிடத்தில் நிற்கும் நாவலை இது மதிக்கிறது, அது நல்ல குணம். ஆனால் பட்டியலில் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பொறுத்து முடிவு ஆடும். ஆரம்பக் கணக்கிலேயே பார்க்கலாம்.

அதே 21 பேர். பட்டியலில் தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலையும் சேர்க்கிறோம். எல்லோருக்கும் அது கரமாஸவுக்கு நேர் கீழே என்று கொள்வோம். இப்போது புள்ளிகள் 3, 2, 1, 0. போருக்கு 9×2 + 7×1 + 5×3 = 40. கரமாஸவுக்கு 9×1 + 7×3 + 5×2 = 40. சமன். இன்னும் ஒரு படி போய் 'குற்றமும் தண்டனையும்' நாவலையும் சேர்த்து, அதையும் எல்லோரும் 'அசடன்' நாவலுக்குக் கீழே வைத்தால் கரமாஸவ் 61, போர் 54. கரமாஸவைப் பற்றி யாரும் மனம் மாறவில்லை. அதற்குக் கீழே அதே எழுத்தாளரின் இரண்டு நூல்களை அடுக்கியதுமே அது மேலேறிவிட்டது.

ஆளுக்கு ஒரு வாக்கு என்றால் ஒரே எழுத்தாளரின் பல நூல்கள் ஒன்றையொன்று இழுத்து வீழ்த்தும். முழு வரிசையையும் எழுதவைக்கும் புள்ளி முறையில் அவை ஒன்றுக்கொன்று தோள் கொடுக்கும். இந்த எதிர்த்திசையைக் கவனிக்காமல் 'ஓர் எழுத்தாளருக்கு எத்தனை நூல்' என்று விவாதிப்பதில் பொருள் இல்லை. புள்ளி முறைதான் என்று முடிவானால், ஓர் எழுத்தாளருக்கு ஒரு நூல் என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

போட்டி நாவலை வேண்டுமென்றே கடைசியில் தள்ளுவது புள்ளி முறையில் எப்போதும் எழும் ஆசை. அது தலைகீழாகவும் திரும்பும். முதல் கணக்கில் தனிமைக்காரர்கள் 9 பேரும் போரைக் கீழே இறக்கி, கரமாஸவை இரண்டாமிடத்துக்கு ஏற்றினால் போர் 17, தனிமை 18, கரமாஸவ் 28. தங்களுக்குக் கடைசியாகப் பிடித்த நாவலையே அவர்கள் தூக்கி உட்காரவைத்திருப்பார்கள். இந்த மூன்று எண்களையும் வாக்கெடுப்புக்கு முன் உறுப்பினர்களுக்குக் காட்டிவிடுங்கள். தந்திரம் செய்யும் ஆசை பெருமளவு அடங்கும்.

சுற்றுச் சுற்றாக நீக்குவது

அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதின் இறுதி வாக்கெடுப்பு இப்படித்தான் நடக்கிறது. வரிசையெழுதிய சீட்டு. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காதவரை கடைசி இடத்தை நீக்கிக்கொண்டே போவார்கள். அந்தச் சீட்டில் உள்ள ஒரு வசதி நம் வட்டங்களும் எடுத்துக்கொள்ள வேண்டியது: 'விருது யாருக்கும் இல்லை' என்பதும் ஒரு வேட்பாளர். 2015இல் முன்கூட்டியே பேசிவைத்த பட்டியல்கள் பரிந்துரைச் சுற்றை நிரப்பியபோது, ஐந்து பிரிவுகளில் வாக்காளர்கள் அந்த வரியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

சிதறலை இது ஓரளவு சரிசெய்யும். ஆனால் பெரும்பாலோருக்கு இரண்டாவதாகப் பிடித்த நாவல் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும் என்பதை நம் கணக்கிலேயே பார்த்தோம். மற்ற ஒவ்வொன்றுடனும் தனித்தனியே மோதினால் தோற்காத 'போர்', இங்கே முதலில் வீட்டுக்குப் போனது. ஒரு நாவலின் பெருமையைத் தேடும் இடத்தில் இது பெரிய குறை.

டிக், மதிப்பெண்

பிடித்ததற்கெல்லாம் டிக் போடுவது, நூறு பெயர்களைப் பத்தாக்கும் வேலைக்குச் சரியான கருவி. சீட்டு எளிது, செல்லாத வாக்கு வராது, ஒரே எழுத்தாளரின் நூல்கள் மோதிக்கொள்ளாது. நார்வே புத்தக மன்றங்கள் 2002இல் 54 நாடுகளைச் சேர்ந்த 100 எழுத்தாளர்களிடம் ஆளுக்குப் பத்து நூல்கள் கேட்டன. தஸ்தயேவ்ஸ்கிக்கு மட்டும் நான்கு நூல்கள் பட்டியலில் வந்தன. செர்வான்டெஸின் 'டான் குயிக்ஸாட்' அடுத்த நூலைவிட 50 சதவீதம் அதிக வாக்கு வாங்கியதால் அதை முதலிடம் என்று அறிவித்து, மீதி 99 நூல்களை வரிசைப்படுத்தாமல் விட்டுவிட்டார்கள். அந்த முடிவை மனமாரப் பாராட்ட வேண்டும். தெளிவான இடைவெளி ஒன்றுதான் இருந்தது, அதை மட்டும் சொன்னார்கள். 37ஆம் இடமா 38ஆம் இடமா என்பது ஓரிரு வாக்கில் நிற்கும் விஷயம், அதற்கு இலக்கிய மதிப்பு கிடையாது.

டிக் முறையின் சிக்கல், அதிகம் பேர் படித்த நூலுக்கு அது சாய்வது. தனிமையை 17 பேர் படித்து 11 பேர் டிக் போட்டார்கள். போரைப் படித்தவர்கள் 8 பேர்தான், 8 பேருமே டிக் போட்டார்கள். 11க்கு 8, தனிமை முதலிடம். இரண்டையும் படித்த 7 பேரைக் கேட்டால் 5 பேர் போரைச் சொல்கிறார்கள். அந்த ஏழு பேரின் தீர்ப்பைப் படிக்காதவர்களின் எண்ணிக்கை மூடிவிட்டது.

ஒவ்வொரு நூலுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று போடும் மதிப்பெண்ணின் சராசரி எதிர்ப்பக்கம் சாயும். மூன்று பேர் மட்டும் படித்து 10, 10, 9 கொடுத்த நூலின் சராசரி 9.67. 19 பேர் படித்து மொத்தம் 160 வாங்கிய நூலின் சராசரி 8.42. இதைச் சமன்செய்ய ஒவ்வொரு நூலுக்கும் 5 கற்பனை வாக்குகளை, பட்டியலின் பொதுச் சராசரியில் (7 என்று வைப்போம்) சேர்ப்பார்கள். அப்போது முதலாவது (29+35)÷8 = 8.0, இரண்டாவது (160+35)÷24 = 8.125. வரிசை மாறிவிட்டது. ஆனால் அந்த 5 என்ற எண்ணை 2 ஆக்கினால் முடிவு மீண்டும் புரளும். ஒரு மாறிலி பட்டத்தைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்தப் பட்டத்தை யாரிடமும் வாதாடி நிறுத்த முடியாது. தவிர, ஒருவரின் 7 இன்னொருவரின் 9க்குச் சமம்.

நேருக்கு நேர், படித்தவர்களுக்குள் மட்டும்

பிரெஞ்சுச் சிந்தனையாளர் கோந்தோர்சே 1785இல் எழுதிய யோசனை: மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியே மோதி வெல்வதே சிறந்தது. நாவலுக்கு இது பொருந்துவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. உலகத்தில் யாரும் எல்லா நாவல்களையும் படித்ததில்லை, ஆனால் இரண்டைப் படித்தவர் அந்த இரண்டைப் பற்றி நியாயமாகச் சொல்ல முடியும்.

இறுதிப் பட்டியலில் 6 நாவல்கள் போதும்: போர், கரமாஸவ், தனிமை, அன்னா கரீனினா, டான் குயிக்ஸாட், மிடில்மார்ச் என்று வைப்போம். 6 என்றால் 15 மோதல், 10 ஆக்கினால் 45. சீட்டில் உறுப்பினர், தாம் முழுக்கப் படித்தவற்றை மட்டும் வரிசையாக எழுத வேண்டும். படிக்காததை வெற்றாக விட வேண்டும். கூகுள் ஃபார்மில் செய்தால் நாவல்களை வரிசைகளாகவும் இடங்களை நிரல்களாகவும் கொண்ட கட்டக் கேள்வி போடுங்கள். 'ஒரு நிரலுக்கு ஒரே பதில்' என்பதை இயக்குங்கள், 'எல்லா வரிசைக்கும் பதில் கட்டாயம்' என்பதை மறக்காமல் அணையுங்கள். இதை அணைக்காவிட்டால் படிக்காதவரும் ஏதோ ஓர் இடத்தைக் குத்தித்தான் வெளியேற வேண்டியிருக்கும், மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். நாவல்களின் வரிசையைக் கலைத்துக் காட்டும் வசதியையும் போடுங்கள். வாட்ஸ்ஆப் வாக்கெடுப்பு இதற்கு ஆகாது. எதற்கு எந்த இடம் என்று அதில் கேட்க முடியாது, பாதியிலேயே யார் முந்துகிறார்கள் என்று தெரிந்து பின்னால் வருபவர்கள் சாய்ந்துவிடுவார்கள்.

எண்ண இரண்டு பேர் போதும், ஒருவர் வாசிக்க, ஒருவர் நாவலுக்கு எதிரே நாவல் என்று கட்டம் வரைந்த தாளில் கோடு போட. ஒரு சீட்டில் கரமாஸவ், அன்னா, தனிமை, டான் என்ற வரிசை இருந்தால் ஆறு கோடுகள் விழும்: கரமாஸவுக்கு மற்ற மூன்றின் எதிரிலும் ஒவ்வொன்று, அன்னாவுக்குத் தனிமை, டான் எதிரில் இரண்டு, தனிமைக்கு டான் எதிரில் ஒன்று. சீட்டில் இல்லாத போருக்கும் மிடில்மார்ச்சுக்கும் இந்தச் சீட்டால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சரிபார்ப்பு எளிது. ஒரு ஜோடியின் இரு கட்டங்களையும் கூட்டினால் அந்த இரண்டையும் வரிசையில் எழுதியவர்களின் எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் அந்த ஜோடியை மட்டும் திரும்ப எண்ணினால் போதும்.

இரண்டையும் படித்தவர்கள் 5 பேருக்குக் குறைவு என்றால் அந்தக் கட்டத்தில் எண் போடாதீர்கள், 'போதாது' என்று எழுதுங்கள். பாதிக்கு மேல் 'போதாது' வந்த நாவலை இந்த முறை நீக்கி, அடுத்த வாசிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். 'போரும் வாழ்வும்' 361 அத்தியாயங்கள். நாளுக்கு நான்கு என்றால் மூன்று மாதம். வாக்கெடுப்பை அறிவிக்கும் நாளுக்கும் நடத்தும் நாளுக்கும் இடையே அந்த மூன்று மாதத்தைக் கொடுப்பதுதான் இந்த ஏற்பாட்டிலேயே நல்ல பகுதி.

இந்த முறையின் உண்மையான ஓட்டை வேறு. பெரிய நாவலை முடிப்பவர்கள், பெரும்பாலும் அதைப் பிடித்ததால் முடித்தவர்கள். பிடிக்காதவர்கள் நூறாம் பக்கத்தில் நின்றுவிட்டார்கள், அவர்கள் கருத்து கணக்கில் வருவதில்லை. அதனால் சீட்டில் 'கால்வாசி தாண்டி, நாவல் பிடிக்காமல் விட்டது' என்று ஒரு கட்டம் தேவை. அதில் குறித்தது, அவர் முடித்த எல்லா நாவல்களுக்கும் கீழே நிற்கும். நேரமில்லாமல் விட்டது இதில் சேராது.

சில சமயம் சுழல் வரும். போர் தனிமையை 12க்கு 9 வெல்கிறது, தனிமை கரமாஸவை 13க்கு 8, கரமாஸவ் போரை 11க்கு 10. யார் முதலிடம்? வித்தியாசம் மிகக் குறைந்த மோதலை, இங்கே 11க்கு 10ஐ, விலக்கிவிட்டால் போர் மேலே நிற்கும். இந்த விதியையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். வரிசைகளை எண்ணும் எந்த முறையும் எல்லா நியாயமான நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்ற முடியாது என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951இல் நிறுவிவிட்டார். ஆகவே குறையில்லாத முறையைத் தேடி இன்னொரு மாதம் செலவிட வேண்டாம்.

சீட்டு அடிக்கும் முன்

கேள்வியின் சொற்களை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். பிக் ரீட் கேட்டது மிகவும் நேசிக்கும் புத்தகத்தை. 1999இல் பிரான்சில் லெ மோந்த் நாளிதழின் நூற்றாண்டுப் பட்டியலுக்கு 17,000 பேரிடம் கேட்டது எந்த நூல்கள் நினைவில் தங்கின என்று, முதலில் வந்தது காம்யுவின் 'அந்நியன்'. 'நேசிப்பது', 'நினைவில் நிற்பது', 'மிகச் சிறந்தது' மூன்றும் மூன்று கேள்விகள். ஒரே வாசகர் மூன்றுக்கும் மூன்று பதில் சொல்வார்.

எது ஒரு நாவல் என்பதையும் தீர்த்துக்கொள்ளுங்கள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று தொகுதிகளாக வந்தும் ஒன்றாகவே எண்ணப்பட்டது. தமிழ் நாவல்களும் பட்டியலில் இருந்தால் ஐந்து பாகமான 'பொன்னியின் செல்வன்' ஒன்று என்பதில் சண்டை வராது. 26 நாவல்கள் கொண்ட 'வெண்முரசு' ஒன்றா, 26ஆ என்பதில் நிச்சயம் வரும்.

சீட்டில் ஒவ்வொரு நாவலுக்கு எதிரிலும் எந்த மொழியில், யார் மொழிபெயர்ப்பில் படித்தீர்கள், முழுமையா சுருக்கமா என்று கேளுங்கள். கரமாஸவுக்குத் தமிழில் புவியரசின் மொழிபெயர்ப்பும் உண்டு, அரும்பு சுப்ரமணியத்தின் மொழிபெயர்ப்பும் உண்டு. சிலர் ஆங்கிலத்தில் படித்திருப்பார்கள். டி.எஸ். சொக்கலிங்கத்தின் 'போரும் வாழ்வும்' வழியாக வந்தவருக்கும் ஆங்கிலம் வழியாக வந்தவருக்கும் வாக்கில் பெரிய வேறுபாடு தெரிந்தால், வாதம் நாவலைப் பற்றியதா மொழிபெயர்ப்பைப் பற்றியதா என்பது அப்போதே பிடிபடும். சிறுவர் பதிப்பாக வந்த நூறு பக்க டான் குயிக்ஸாட்டைப் படித்தவர் அதைப் 'படித்தது' என்று குறிக்கக் கூடாது.

முடிவு அறிவிக்கும்போது வெற்றியாளர் பெயரோடு 15 ஜோடிகளின் அட்டவணை முழுவதையும், ஒவ்வொரு நாவலையும் எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணையும் போடுங்கள். எந்த இரண்டு நாவல்களுக்கு 11க்கு 10 என்று வந்திருக்கிறதோ, அடுத்த கூட்டத்தின் விவாதத்துக்கு அந்த இரண்டை எடுத்துக்கொள்ளலாம்.